வாணிக்கா சொல்லிக்கொடுத்த பதில்

சுபிக்‌ஷாவின் குரலில், சுபிக்‌ஷா சொல்லாத ஒன்றை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னால ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாத்துக்கும் ஆள் வேணுங்க. சொந்தமா ஒரு முடிவும் எடுக்கத் தெரியாதுங்க. பணத்தை எங்கண்ணன் கையில குடுத்துருங்க. என்னைய ஒரு இல்லத்துல சேத்துட்டா நிம்மதியா இருந்துக்குவேனுங்க."

நிஜ சுபிக்‌ஷா தன் வாடகை வீட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தாங்கியில் மாட்டியிருந்த கைபேசியில் ஓடிய அரசாங்க நேரலையை வெறித்துக்கொண்டிருந்தாள். மூளை முடக்குவாதம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. மற்றவர்கள் ஒரு கதையே சொல்லி முடித்துவிடும் நேரத்தில் அவளுக்கு ஒரு வாக்கியம்தான் முடியும். திரையில் ஒலித்த குரலோ தடங்கலே இல்லாமல் ஓடியது. குரல் அவளுடையதுதான். அந்த இழுவையை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள், கேட்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று.

"இது... நானாக்கா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் கோகிலவாணி நின்றிருந்தாள். வெள்ளியம்பாளையம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைவி அவள், ஊருக்கு வாணிக்கா. ஒரு விபத்தில் வலது கால் போய், செயற்கைக் காலில் நடக்கிறாள். "கால் ஒண்ணுதான் கொறை, வாய் ரெண்டு பேருக்கு ஆகும்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அந்தக் குரல் பேசிய முதல் மூன்று வாக்கியங்களும் அவளுடையவை. வார்த்தைக்கு வார்த்தை அவள் சொல்லிக்கொடுத்தவை.

விஷயத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். உதவித்தொகைச் சட்டத்தைத் திருத்தப் போகிறோம், இந்தத் தடவை மாற்றுத்திறனாளிகளைக் கேட்டுத்தான் செய்வோம் என்று சீரமைப்பு ஆணையம் அறிவித்தபோது, முதலில் பட்டாசு வெடித்தது வாணிதான். எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவள் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. ஆனால் இத்தனை லட்சம் பேரை உட்கார வைத்து எப்படிக் கேட்பது? அதற்கு ஆணையம் ஒரு வழி கண்டுபிடித்தது. வருடா வருடம் மதிப்பீட்டு முகாமில் டாக்டர் கேட்கும் கேள்விக்கு ஒவ்வொருவரும் சொன்ன பதில் ஒலிப்பதிவாகக் கிடக்கிறது. அதை இயந்திரத்துக்குப் போட்டுக் காட்டினால், இந்த ஆள் எப்படிப் பேசுவார், எதற்குத் தலையாட்டுவார், எதற்கு முகம் சுளிப்பார் என்று கற்றுக்கொள்ளும். பிறகு அவருக்குப் பதிலாக ஆணையத்தின் முன்னால் அதுவே பேசும். அரசாங்கம் அதற்கு 'உரிமைக்குரல்' என்று பெயர் வைத்தது. சனங்கள் 'நகல்' என்றார்கள்.

நேரிலும் வரலாம், நகலையும் அனுப்பலாம் என்றார்கள். நேரில் போவதென்றால் என்ன பாடு என்று வாணிக்குத் தெரியாதா? பஸ்ஸில் இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். கலெக்டர் ஆபீஸ் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. அதற்குப் பயந்தே பெண்கள் முந்தின சாயந்திரத்திலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "எதுக்கு இந்த ரோதனை? நீங்க வீட்டுல இருங்க, உங்க பேச்சு அங்க போயிரும்" என்று வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் வாணி. சுபிக்‌ஷா கொஞ்சம் தயங்கினாள். "நான் இருக்கறேன்ல, ஒத்துக்க கண்ணு" என்றாள் வாணி. அவளும் ஒத்துக்கொண்டாள்.

அந்த ஒலிப்பதிவுகளில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். வாணி யோசிக்கவில்லை.

முகாமுக்கு முந்தின நாள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். வாணிதான் டாக்டர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். "நல்ல நாள்ல கொஞ்சம் நடப்பனுங்க" என்று யாராவது சொன்னால் அடிக்காத குறையாகத் திருத்துவாள். "நல்ல நாளுங்கற பேச்சே வரக்கூடாது. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. எல்லாத்துக்கும் ஆள் வேணும்னு சொல்லு. முடிவெடுக்கத் தெரியாதுன்னும் சேத்திக்க, துணையாள் தொகை அதுக்குத்தான் வருது." அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பஸ் ஏறுவேன் என்று உண்மையைச் சொன்ன ஒரு பையனுக்குக் குறைபாட்டுச் சதவீதத்தைப் பாதியாக வெட்டியதில், தொகை குறைந்து அவன் படிப்பே நின்றுபோனதை அவள் கண்ணால் பார்த்தவள். டாக்டர் எதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறாரோ அதைச் சொன்னால்தான் பிழைக்க முடியும் என்று புரிந்துகொண்டாள். அந்த ஒத்திகை இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு இருந்திருக்காது.

நகல் பேசியதைக் கேட்ட கையோடு அவள் ஆணையத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஷாகிரா என்று ஒரு பெண் பொறியாளர் பேசினாள். தன்மையான பெண்.

"உங்க நகல் தப்பாப் பேசுதுங்க" என்றாள் வாணி.

"அதுக்குத் தப்பாப் பேசத் தெரியாது மேடம். அவங்க என்ன சொல்லியிருக்காங்களோ அதுலேருந்துதான் பேசும்."

"இல்லத்துல சேருங்கன்னு அந்தப் புள்ள எப்பச் சொன்னா?"

"நேராச் சொல்லல. ஆனா ஒவ்வொரு முகாம்லயும் எனக்கு ஒண்ணும் முடியாது, முடிவெடுக்கத் தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. அப்படி ஒருத்தர்கிட்ட, தனி வீட்டுல இருக்கீங்களா, இல்லத்துல இருக்கீங்களான்னு கேட்டா எதைச் சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க."

வாணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணு மேடம்" என்றாள் ஷாகிரா. "மத்த ஊர்கள்ல நகலுங்க ஆளுக்கொரு விதமாப் பேசுது. ஆணையத் தலைவருக்கே குழப்பமா இருந்துச்சு. உங்க ஊர்லதான் எல்லாரும் ஒரே குரலாச் சொன்னாங்க. இவ்ளோ தெளிவான கருத்து வேற எங்கயும் வரலைன்னு, மசோதாவுக்கே உங்க ஊரைத்தான் ஆதாரமா வெச்சிருக்காரு. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்த பிறகுதான் வாணிக்கு உறைத்தது. அது அவள் தன் ஊருக்கு மட்டும் செய்த கேடு இல்லை. கண்ணால் பார்த்திராத ஊர்களில், பெயர் தெரியாத ஆட்களின் வாயிலும் அவள் வார்த்தையைத் திணித்துவிட்டாள்.

மசோதா இதுதான். முடிவெடுக்கத் தெரியாதென்று பதிவானவர்களின் உதவித்தொகை இனி பொறுப்பாளர் கைக்குப் போகும். எங்கே தங்க வைப்பது என்பதையும் பொறுப்பாளரே முடிவு செய்வார். சுபிக்‌ஷாவின் அண்ணன் பிரசாந்த் அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தங்கை தனியாக இருக்கிறாளே என்று தூக்கம் கெட்டவன். "பக்கத்து டவுன்ல நல்ல இல்லமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். நீயே ஆசைப்பட்டுக் கேட்டதுதான?" என்றானாம். வீடியோக்களுக்கு எழுத்துப் போடும் வேலை செய்து, சண்டை போட்டு வாசலில் சாய்தளம் கட்டி, கதவுக்குக் குரல் பூட்டு வைத்து சுபிக்‌ஷா குடியிருக்கும் வீடு அது. சட்டம் வந்துவிட்டால் அந்த வீடு போய்விடும்.

"எல்லாம் என்னாலதான் கண்ணு" என்றாள் வாணி. "வெசாழக்கெழம ஆணையம் இங்க கடைசியா உக்காருது. நான் போயி உண்மையைச் சொல்லிடறேன்."

"நானும்... வாறேன்."

"நீ எதுக்கு? நான் பேசிக்கறேன்."

சுபிக்‌ஷா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, ரெண்டு பேரும் போலாம்" என்றாள் வாணி.

செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாள் காலையிலேயே சென்னியண்ணன் வந்துவிட்டார். சென்னியப்பன் சங்கத்தின் பழைய ஆள். தசை மெலியும் நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இப்போது விரல் நுனியால் நாற்காலி விசையைத் தள்ளுவதோடு சரி. சோறூட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் சம்சாரம். அந்தம்மா கூலி வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்வது துணையாள் தொகையை நம்பித்தான்.

"ஏன் அம்மிணி, நீ போயி அது பொய்யின்னு சொன்னீன்னா, இத்தன வருசமா நாங்க பொய் சொல்லி வாங்குனோம்னு ஆயிராதா? கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?"

"சொல்லாட்டிச் சுபிக்‌ஷா வீடு போயிருமுங்ணா."

"எனக்கு மட்டும் இல்லத்துக்குப் போக ஆசையா? எனக்கும் பயந்தான்" என்றார் அவர். "ரெண்டு பக்கமும் அடி. நீ எதோ ஒண்ணைப் பண்ணு. ஆனா எங்களை மாட்டி உட்றாத."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் வாணியை இன்னும் கொன்றது.

வியாழக்கிழமை கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் ஆணையம் உட்கார்ந்தது. தலைவர் எட்வின் செல்வநாயகம், ஓய்வுபெற்ற அதிகாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவர். கடுமையான மனிதர் இல்லை. வாணி எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒத்திகையைச் சொன்னாள். என்னென்ன வார்த்தை சொல்லிக்கொடுத்தாள் என்று சொன்னாள். "தண்டனை குடுக்கறதா இருந்தா எனக்கு மட்டும் குடுங்க. அவங்க நான் சொன்னதைச் சொன்னாங்க, அவ்வளவுதான்" என்று முடித்தாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா என் நிலைமையையும் பாருங்க. ஒரு பக்கம் உங்க ஊர்க்காரங்க எல்லாரோட குரலும் இருக்கு. இன்னொரு பக்கம் நீங்க ஒருத்தர், அது அவங்க குரலே இல்லைங்கறீங்க. அவங்களுக்காகப் பேச உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

வாணிக்குப் பளாரென்று அறைந்தது போலிருந்தது.

"நான்... பேசறேன்" என்றாள் சுபிக்‌ஷா.

அரங்கு அவள் பக்கம் திரும்பியது. "நான்... தனியா..." என்று அவள் தொடங்கினாள். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து திரும்பிக்கொண்டது.

"தனியாத்தாங்க இருக்கறா" என்றாள் வாணி. "அவ வீட்டை அவளே பாத்துக்குவா, ஒரு கொறையும்..."

"அக்கா."

வாணி நிறுத்தினாள்.

"நீங்களும்... எனக்காகப் பேசாதீங்க."

"ரொம்பக் கஷ்டமா இருந்தா நகல் மூலமாவே கேட்டுக்கலாம்மா, நேரமும் மிச்சமாகும்" என்றார் தலைவர், இரக்கத்தோடுதான்.

சுபிக்‌ஷா தலையாட்டி மறுத்தாள். பிறகு பேசினாள். எவ்வளவு நேரம் பேசினாள் என்று வாணிக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் வாணியின் நாக்கு நுனியில் அந்தச் சொல் தயாராக நின்றது. அதை விழுங்கி விழுங்கி உட்கார்ந்திருந்தாள். அப்படிக் காத்திருந்தபோதுதான் தெரிந்தது, அவள் எடுத்து வைத்திருந்த சொற்களில் பாதி தவறு.

"குளிக்க ஆள் வேணுங்க. சமைக்க... ஆள் வேணும். அது நெசம். ஆனா வீடு... என் வீடு. எப்ப குளிக்கறது, யாரு குளிப்பாட்டறதுன்னு... நாந்தான் சொல்லோணும். அதுவும் நெசம். முகாம்ல... ரெண்டுல ஒண்ணைத்தான் கேப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு வர்றதுல வேணும்னா... கொறச்சுக்கங்க. மிச்சத்தை... என் கையில குடுங்க."

வாணிக்கு உயிரே போய்விட்டது. கொறச்சுக்கங்க என்ற வார்த்தையை அவள் ஒருநாளும் சொல்ல விட்டிருக்க மாட்டாள். அந்த ஒரு சொல் வாயில் வராமலிருக்கத்தானே அத்தனை ஒத்திகையும். ஆனால் உனக்கு எது பெரிசு, பணமா வீடா என்று இவளை அவள் கேட்டதே இல்லை. ஆபீஸ் ஆபீஸாக எங்களைக் கேளுங்கள் என்று கத்தியவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை ஒரு தரம் கேட்கவில்லை.

தலைவர் பக்கத்திலிருந்தவர்களோடு குனிந்து பேசினார். பிறகு அறிவித்தார். மசோதாவில் மாற்றம் இல்லை. இந்த ஊரின் பழைய ஒலிப்பதிவுகள் ஒதுக்கப்படும். நடந்ததற்கு யார்மேலும் நடவடிக்கை இல்லை. ஆணையத்து ஆட்கள் ஊருக்கே வந்து புதிதாகப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவிலிருந்தே நகலும் புதிதாகும், தொகைக்கான சதவீதமும் முடிவாகும். ஒருவருக்கு ஒரு தரம்தான். "இந்தத் தடவை யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கக் கூடாது. குடுத்தது தெரிஞ்சா அந்தப் பதிவு செல்லாது, மறு வாய்ப்பும் கிடையாது" என்று வாணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"குடுக்க மாட்டனுங்க" என்றாள் வாணி. மனசாரத்தான் சொன்னாள்.

சொன்னபடியே இருந்தாள். சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து என்ன சொல்லட்டும் என்று கேட்டால், "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர்கள் முகம் விழுந்து திரும்பிப் போனார்கள். மனசில் இருப்பதை அரசாங்கத்திடம் சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை மறக்கடித்தவள் யாரென்று வாணிக்குத் தெரியும். ஆனாலும் இனி எல்லாம் நேராகிவிடும் என்றுதான் நம்பினாள். பாவம்.

பதிவு நாளன்று அதே கல்யாண மண்டபத்தில் கருவியை வைத்தார்கள். ஷாகிராவே வந்திருந்தாள். சுபிக்‌ஷா முதலில் போய், தன் வேகத்தில் பேசிவிட்டு வெளியே வந்தாள். இந்தத் தடவை இழுவையை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குச் சதவீதம் குறையும்; வீடு இருக்கும். வாணியைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். வாணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல் இருந்தது.

அடுத்து சென்னியண்ணன். சம்சாரம் அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"சாப்பிட யாராவது உதவி பண்ணணுமா ஐயா?" என்றாள் ஷாகிரா.

"அதெல்லாம் வேண்டாமுங்க. நானே சாப்பிட்டுக்குவேன்."

வாணி நிமிர்ந்தாள்.

"படுக்க, திரும்ப?"

"எல்லாம் நானே பண்ணிக்குவனுங்க. என் வீடு, என் முடிவு. ஒருத்தரோட தயவும் வேண்டாம்."

ஷாகிரா அவர் மடியில் செத்துக் கிடந்த கைகளைப் பார்த்தாள். பிறகு தயக்கத்தோடு அந்தம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா தரையைப் பார்த்தாள், அவர் தலையைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. பதிவாகிவிட்டது என்று அர்த்தம். ஷாகிராவின் வேலை பதிவு செய்வது. பார்த்ததை எழுத அதில் இடமில்லை.

வாணி எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். அது பொய், அவரால ஒரு டம்ளர் தண்ணிகூட எடுக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அவருக்காக அவள் மறுபடியும் பேசினதாகும். பதிவும் செல்லாமல் போகும். சொல்லாவிட்டால் துணையாள் தொகை போகும், அந்தம்மா மறுபடி கூலிக்குப் போவாள், பகலெல்லாம் அவரைப் புரட்ட ஆள் இருக்காது. செயற்கைக் கால் நிலைப்படியில் முட்டி நின்றது. அவள் உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

சென்னியண்ணன் விரல் நுனியால் விசையைத் தள்ளி நாற்காலியோடு வெளியே வந்தார். முகத்தில் வெகு நாளாகப் பார்க்காத ஒரு களை.

"ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க?" என்றாள் வாணி.

"பின்ன? சுபிக்‌ஷா என்ன சொல்லி ஜெயிச்சான்னு ஊரே பேசுதே. இப்ப அவங்களுக்கு அதுதான் வேணுமாட்ட இருக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீதான் இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டேன்னுட்டியே. அதான் அவங்க எதைக் கேக்க உக்காந்திருக்கறாங்கன்னு நானே ரோசன பண்ணிப் பாத்தேன். எல்லாருக்கும் சொல்லியும் உட்டுட்டேன்."

அவருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கண்கள் மட்டும் வாணிமேல் இருந்தன.

"சரியாச் சொன்னனா அம்மிணி?" என்று கேட்டார் சென்னியண்ணன்.